முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு மூச்சு

யோகா சொல்லிக்கொடுப்பவளுக்குக் கோபமே வராது என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். எனக்கு நன்றாகவே வரும். மடிப்பாக்கத்தில் தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் வரும். பூங்காவில் சவாசனத்தில் படுத்துக்கொண்டே போனில் ஷேர் மார்க்கெட் பார்க்கிற ரிட்டயர்டு ஆபீசரைக் கண்டால் வரும். வந்த கோபத்தை ஒரு நாசியில் இழுத்து மறு நாசியில் விட்டு, ஐந்து நிமிடத்தில் ஆளே மாறிவிடுவேன். அது இருபத்தாறு வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் கம்பெனி பதினான்கு மாதம் வாடகைக்கு எடுத்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறதாம்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது ஐம்பத்திரண்டு. பூங்காவில் முட்டிவலிக்காரர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் அங்கே 'நரம்புச் சமநிலை முகாம், அனுமதி இலவசம்' என்று பந்தல் போட்டார்கள். காதுக்குப் பின்னால் பொட்டு மாதிரி ஒரு வில்லை ஒட்டினார்கள். ஒரு பெட்டி நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டது. பெரும்பாலும் எல்லாருக்கும் முப்பது, நாற்பது. என்னைப் பார்த்துப் பெட்டி தொண்ணூற்று நான்கு என்றது.

பெட்டியை இயக்கிய செல்வின் என்னைப் பார்த்த பார்வையில் பக்தியே இருந்தது. நாசரேத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இன்ஜினியர், அந்த வில்லையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்.

"டீச்சர், போன வாரம் ஒரு பெரிய சாமியாரக் கூப்பிட்டுப் பாத்தோம். நூறு நாட்டுல ஆசிரமம் வச்சிருக்காரு. அவருக்கே அறுபத்தொண்ணுதான்."

"ஏன், அவருக்கு என்ன கவலை?"

"பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு இருந்தாரு."

மறுவாரம் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மனிதவளத் தலைவி பிரத்யுஷா எனக்குப் பழரசம் கொடுத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம், எதைச் சொன்னாலும் 'ஜஸ்ட் ஒரு சின்ன விஷயம்' என்றுதான் தொடங்குவாள். செல்வின் விளக்கம் சொன்னார்.

"நம்ம ஒடம்புல ரெண்டு பெடல் இருக்கு டீச்சர். பயந்தா, கோவப்பட்டா ஆக்சிலேட்டர். சாப்பிட்டுச் சாஞ்சா பிரேக்கு. இங்க வேலை பாக்குதவங்களுக்கு ஆக்சிலேட்டர் மட்டுந்தான். பிரேக்கு எப்பவோ தேஞ்சு போச்சு. உங்களுக்கு ரெண்டும் சமமா இருக்கு. உங்க பிரேக்க எடுத்து அவங்க எல்லாத்துக்கும் ஒட்டப்போறோம்."

"எப்படி ஒட்டுவீங்க, கோந்து போட்டா?"

"பக்கத்துல படுத்திருக்கவன் சீரா மூச்சு விட்டா நம்ம மூச்சும் அதுகூடச் சேந்துக்கிடும்லா? அத மாதிரிதான். காதுக்குப் பின்னால ஒரு நரம்பு போகுது. உங்க வில்லை உங்க நரம்போட தாளத்த வாங்கும். அவங்க வில்லை அதே தாளத்த அவங்க நரம்புல லேசாத் தட்டும். கொஞ்ச நேரத்துல முந்நூத்திப் பன்னெண்டு பேரும் உங்க தாளத்துக்கு வந்துருவாங்க."

"நான் என்ன செய்யணும்?"

"ஜஸ்ட் ஒரு சின்ன விஷயம்தான் மேம்," என்றாள் பிரத்யுஷா. "ஒன்பதரைலேர்ந்து ஆறு மணி வரைக்கும் நீங்க நிம்மதியா இருக்கணும். அவ்வளவுதான்."

நிம்மதியாக இருப்பதற்குச் சம்பளம்! அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. டெமோ என்று சொல்லி என் காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டினார்கள். அடடா, என்ன சுகம்! நாற்பது பக்க ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஒரு வரிகூடப் படிக்காமல் நாற்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

நான்காவது மாடியில், மீட்டிங் ஹாலுக்கு நேர் எதிரே, எனக்கு ஒரு கண்ணாடி அறை. அதற்கு 'ஸ்திதி மண்டபம்' என்று பெயர் வைத்தார்கள். நான் மீன் தொட்டி என்றுதான் சொல்வேன். உள்ளே ஒரு பாய், ஒரு மண்பானை, சுவரில் பச்சை எழுத்தில் என் மார்க். வாடிக்கையாளர்கள் வந்தால் என்னைக் காட்டுவார்கள். அவர்களும் கைகூப்பிவிட்டுப் போவார்கள். நானும் பத்மாசனத்திலிருந்தபடியே தலையாட்டுவேன்.

முதல் மாதத்தில் ஒரு தப்பு நடந்தது. போனை அணைக்க மறந்துவிட்டேன். தண்ணீர் லாரிக்காரன் கூப்பிட்டு, "அக்கா, இன்னிக்கு லோடு இல்ல, நாளைக்குப் பாக்கலாம்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்றே விநாடியில் மெஷின் என் இணைப்பைத் துண்டித்து, முந்தின நாள் பதிவை ஓடவிட்டது. ஆனால் அந்த மூன்று விநாடியில் இரண்டாம் மாடியில் ஒருவர் கீபோர்டை உடைத்துவிட்டார். கேன்டீனில் தோசை மாஸ்டர் கரண்டியை வீசியெறிந்தார். சாயங்காலம் எனக்கு மெமோ வந்தது. 'பணி நேரத்தில் கோபப்பட்டதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' நான் 'தண்ணீர் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

மற்றபடி கம்பெனிக்குக் கொண்டாட்டம்தான். வெயில் காலத்தில் இரண்டு நாள் ஏசி ஓடவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சனிக்கிழமையும் வரச் சொன்னார்கள், வந்தார்கள். கேன்டீன் சாம்பாரில் ஒரு வாரம் உப்பே போடவில்லை, வாயைத் திறக்கவில்லை. போனஸ் கிடையாது என்று அறிவித்த அன்றைக்குக் கைதட்டினார்களாம். "மேம், யூ ஆர் எ மிராக்கிள்" என்று பிரத்யுஷா எனக்குச் சால்வை போர்த்தினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

ஐந்தாம் மாதத்தில் என் உடம்பு ஏதோ மாதிரி ஆனது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடத்தது. எதற்கு என்று யோசித்தால், எல்கேஜி அட்மிஷன் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு பயம்!

என் கணவர் கதிரேசனிடம் சொன்னேன். அண்ணா சாலையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மனிதர், எதைச் சொன்னாலும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' போடுகிற மனிதர்.

"என்னங்க, எல்கேஜி அட்மிஷன நெனச்சா எனக்கு ஒரே பயமா இருக்கு."

"ம்."

"கேக்குறீங்களா?"

"நமக்குத்தான் புள்ளையே இல்லையே மங்கை. உனக்கென்ன எல்கேஜி கவலை?" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பயங்கள் வந்துகொண்டே இருந்தன. அமெரிக்க விசா கிடைக்காது என்ற பயம், மேனேஜர் முறைத்தாரே என்ற பயம், முடி கொட்டுகிறதே என்ற பயம். எனக்கு இடுப்புவரை முடி. மூச்சுப் பயிற்சியில் உட்கார்ந்துதான் ஒவ்வொன்றையும் கரைத்தேன். கரைக்கக் கரைக்க வந்தது. இத்தனை வருடம் செய்த யோகமெல்லாம் வீணாகிவிட்டதே என்று எனக்கு ஒரே அவமானமாக இருந்தது.

கடைசியில் செல்வினைப் பிடித்து உலுக்கினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒயர்னா ரெண்டு பக்கமும் போகத்தானே டீச்சர் செய்யும்."

"அப்படின்னா?"

"உங்க அமைதி அங்க போகுதுல்லா, அவங்க படபடப்பு எங்க போகும்? இங்கதான் வரும். நீங்கதான் வடிகால்."

"இதை ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"பதினாலாவது பிரிவுல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிய."

"நான் எங்க படிச்சேன்? அன்னைக்கு ஏதோ வில்லையை ஒட்டினீங்க, மனசு அப்படியே குளுகுளுன்னு ஆயிடுச்சு, போட்டுட்டேன். சரி, எனக்கு முன்னாடி யாரும் இல்லையே, அந்த வில்லையில யாரோட தாளம் இருந்துச்சு?"

அவர் இன்னும் நன்றாகத் தலைகுனிந்தார்.

"ஒரு எருமையோடது."

"என்னது?"

"ஆராய்ச்சிக்கு மொத மொத எடுத்த பதிவு. எங்க ஊரு கொளத்துல கெடந்துச்சு. தொண்ணூத்தி ஆறு மார்க்கு. அதையே ஆபீசுக்கும் ஓட்டிருவோம்னு பாத்தோம், ஆனா மத்தியானம் ஆனா ஒருத்தரும் நாக்காலிய விட்டு எந்திரிக்கல, சும்மாவே வாய மென்னுக்கிட்டு இருந்தாங்க. அதாலதான் மனுசரா ஒருத்தரத் தேடினோம்."

என்னைவிட இரண்டு மார்க் கூடுதலாக ஒரு எருமை! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் மெமோ வரும்.

அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். விடாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தினமும் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு எனக்கு ஒரு பயம் வரும். மற்றப் பயங்களைப் போல இல்லை அது, அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிற பயம். பன்னிரண்டு நிமிடம் இருக்கும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு, இரண்டொரு நிமிடம் முன்னே பின்னே, அது சட்டென்று போய்விடும். போன இடத்தில் ஒரு சந்தோஷம் வந்து நிற்கும். மாரெல்லாம் கனத்து, கை தானாக யாரையோ வாரி எடுக்கப் போகும். எனக்கு மூன்று தடவை வயிற்றில் வந்து தங்காமல் போனது. மூன்றாவதுக்குப் பிறகு நானும் கதிரேசனும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. இருபது வருடமாகிறது. அந்த மூன்று ஐம்பத்திரண்டுக்காகத்தான் முந்நூறு பேரின் முடி கொட்டுகிற கவலையையும் நான் சுமந்தேன்.

அது யார் என்று செல்வினிடம் கேட்டேன். கணினியில் தேடி, "நாலாவது மாடி, நூத்திப் பதினேழாம் சீட்டு" என்றார். அவள் பெயர் மெஹருன்னிசா. ஆம்பூர்ப் பெண், முப்பது வயது. டீ இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன்.

"எம் பொண்ணு ஜொஹ்ராவுக்கு ஆறு வயசு மேடம். போன வருசம் ஸ்கூல் வேன்ல தூங்கிட்டா. டிரைவர் பாக்காம பூட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டான். ஒண்ணேகால் மணி நேரம். நல்ல வெயில். கண்ணாடிய உடைச்சுத்தான் எடுத்தோம்."

"ஐயோ!"

"அப்புறம் டெய்லி வேன் வர்ற நேரத்துக்கு எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு நாலு போன் போட்டு அவர் உயிரை எடுப்பேன். இப்பல்லாம் போடறதே இல்ல. 'பாப்பா வந்துட்டா'ன்னு அவரே மெசேஜ் போடுவார், அதைப் பாத்துக்குவேன். இந்த வில்லை ஒட்டினப்புறம் பயமே போயிடுச்சு மேடம். எங்க போச்சுன்னே தெரியல."

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பதினான்காம் மாதம். ஒரு புதன்கிழமை பிரத்யுஷா மீன் தொட்டிக்குள் வந்தாள்.

"மேம், ஜஸ்ட் ஒரு சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எதிர் ஹால்ல நாப்பத்தோரு பேருக்கு ஒரு பேப்பர் ஒர்க். அந்த நேரத்துல மட்டும் நீங்க ரொம்ப ரொம்ப ஆழமான அமைதியில இருக்கணும்."

அவள் போனதும் செல்வினைக் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ராஜினாமா டீச்சர். கம்பெனி வேலைய விட்டுத் தூக்கினா நஷ்டஈடு, கேஸுன்னு ஆயிரம் இருக்கு. அவங்களே சொந்த விருப்பத்துல எழுதிக் குடுத்துட்டா ஒண்ணும் கேக்க முடியாது. கைநீட்டிக் கையெழுத்துப் போட்டுட்டு, தேங்க்ஸும் சொல்லிட்டுப் போவாங்க, பாத்துக்கிடுங்க."

"மெஹருன்னிசா இருக்காளா அதுல?"

"பன்னெண்டாவது பேரு."

எனக்குப் பயம் வந்தது. அது என்னுடைய சொந்தப் பயம். சுவரில் மார்க் எழுபத்தொன்றுக்கு இறங்கியது. மூச்சை இழுத்து ஏற்றினேன்.

வியாழக்கிழமை மெஹரைக் கேன்டீனில் பிடித்து உட்கார வைத்தேன். "நாளைக்கு ஒரு பேப்பர் தருவாங்க. ராஜினாமாக் கடிதம். கையெழுத்துப் போடாதே. புரியுதாம்மா? வேலை போயிடும்."

"சரிங்க மேடம். பாத்துக்கலாம்," என்றாள். சிரித்தாள்.

அது என் சிரிப்பு. பூங்காவில் யாராவது முட்டி வலிக்கிறது என்றால் நான் சிரிக்கிற அதே சிரிப்பு. நான் என்ன கத்தினாலும் அவளிடம் என் அமைதிதான் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பதில் சொல்லும். அந்த நிமிடம் என் இருபத்தாறு வருட யோகத்தின் மேல் எனக்கு வெறுப்பே வந்துவிட்டது.

வில்லையைக் கழற்றச் சொன்னேன். "கழட்டினா தலைவலிக்கும் மேடம்" என்றாள். அதுவும் உண்மைதான், பழகிவிட்டது. நான் வெள்ளிக்கிழமை வராவிட்டால்? "நேத்துப் பதிவ ஓட்டிருவாங்க" என்றார் செல்வின். நான் கோபப்பட்டால்? மூன்று விநாடியில் துண்டித்துவிடும்.

"செல்வின், அந்த மெஷினுக்கு அமைதின்னா என்னன்னு எப்படிங்க தெரியும்?"

"சீரா இருந்தா அமைதி. குண்டும் குழியுமா இருந்தா கோவம், பயம், அழுகை, எல்லாம் ஒண்ணுதான் அதுக்கு."

"வேகமா இருந்து, சீராவும் இருந்தா?"

அவர் சிரித்தார். "அப்பிடி ஒரு மனுசன் இருக்க முடியாதுல்லா டீச்சர். அதனால அத நாங்க யோசிக்கவே இல்ல."

"ஓ" என்றேன்.

எருமையை வைத்து ஆராய்ச்சி செய்தால் இப்படித்தான் ஆகும். இவர்கள் யாரும் ஒருநாள்கூட ஒழுங்காகப் பாயில் உட்கார்ந்தவர்கள் இல்லை. யோகம் என்றால் கண்ணை மூடித் தூங்குவது என்று நினைத்துவிட்டார்கள். பஸ்திரிகா என்று ஒரு பயிற்சி இருக்கிறது. கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி மூச்சை வேகமாக இழுத்து வேகமாக விட வேண்டும். தாளம் இம்மி பிசகக் கூடாது. விடிகாலையில் கண் சொருகுகிறவர்களுக்கு நான் அதைத்தான் கொடுப்பேன். முதல் சுற்றிலேயே கண் திறந்துவிடும். மூன்றாவது சுற்றில் வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று ஞாபகம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்பத்தொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு காகிதக்கட்டு, ஒரு பேனா, ஒரு லட்டு. ஆமாம், லட்டு! பிரத்யுஷா மைக் பிடித்து ஏதோ சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். மெஹர் இரண்டாவது வரிசையில் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

முதுகை நிமிர்த்தினேன். தொடங்கினேன்.

முதல் முப்பது மூச்சில் என் உடம்பு சூடேறியது. மார்க் தொண்ணூற்று ஐந்து. மெஷின் என்னைத் துண்டிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் தொண்ணூற்று ஏழு. ஓரக்கண்ணால் பார்த்தேன். முதல் வரிசையில் ஒருவர் தலையைச் சொறிந்தார். ஒருவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மெஹரின் பேனா காகிதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு முட்டியது, வயதும் ஆகிறதே. நிறுத்தவில்லை. போடாதேடி, போடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மூன்றாவது சுற்றைத் தொடங்கினேன். தொண்ணூற்று ஒன்பது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். காகிதத்தைக் கையில் எடுத்தாள். படிக்க ஆரம்பித்தாள்.

பிறகு நாற்பத்தொரு பேரும் படித்தார்கள். பக்கங்கள் புரள்வது தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தில் யாரும் எதையும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. மெஹர் எழுந்து நின்று ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று அப்புறம் அவளே சொன்னாள்.

"மூணாவது பக்கத்துல 'எனது சொந்த விருப்பத்தின் பேரில்'னு போட்டிருக்கு. இது யாரோட சொந்த விருப்பம்?"

பிரத்யுஷா பதில் சொல்ல மைக்கைத் தூக்கினாள். அவள் காதுக்குப் பின்னாலும் வில்லை இருந்தது. அவளும் காகிதத்தைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "சாரி," என்றாளாம் சின்னக் குரலில், "நானே இதை இன்னைக்குத்தான் முழுசாப் படிக்கிறேன்."

ஒருவரும் கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. லட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு, கையெழுத்தில்லாத காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, நாற்பத்தொரு பேரும் அவரவர் இருக்கைக்குப் போனார்கள். மற்ற மாடிகளிலும் ஏதேதோ நடந்தது. கேன்டீனில் சாம்பாருக்கு உப்புக் கேட்டார்கள். தேங்கிக் கிடந்த லீவு விண்ணப்பங்கள் மொத்தமாக வந்தன. கணக்குப் பிரிவில் ஒரு பையன் தன் கல்யாணப் பேச்சை நிறுத்தச் சொல்லி வீட்டுக்குப் போன் போட்டானாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

மூன்று நாற்பதுக்கு எப்போதும்போல் பயம் வந்தது. இந்த முறை மூன்று நாற்பத்தொன்றுக்கே போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். மெஹர் வில்லையைப் பிய்த்து மேசையில் வைத்துவிட்டு வாட்ச்மேனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். தலைவலி தாங்காமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பயம் அவளிடமே திரும்பிப் போய்விட்டது. அதுதான் நியாயம். மூன்று ஐம்பத்திரண்டும் அதோடு போயிற்று. நான் பாயில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வந்தது, ஐம்பத்து மூன்று ஆனது, என் நெஞ்சில் ஒன்றும் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. பானைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். மெமோவுக்குத் தயாராகத்தான் போனேன். பிரத்யுஷாவும், அவளுக்கும் மேலே இருக்கிற ஒருவரும் திரையில் என் மார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேம், இன்னைக்கு என்ன ஆச்சுன்னு புரியல. ஆனா உங்க மேல தப்பு இல்ல. தொண்ணூத்தி ஒன்பது! பதினாலு மாசத்துல இதுதான் பெஸ்ட்," என்றாள்.

"யோகா செஞ்சேம்மா. ஒப்பந்தத்துல அதைத்தானே செய்யச் சொல்லியிருக்கு?"

மேலே இருப்பவர் தொண்டையைச் செருமினார். ஜஸ்ட் ஒரு சின்ன விஷயமாம். என்னிடமிருந்து பதினான்கு மாதப் பதிவு சேர்ந்துவிட்டதாம். இனிமேல் நேரில் வரத் தேவையில்லையாம். பதிவுகளெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று இருபத்தோராம் பிரிவில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். எருமை இருந்திருந்தால் அதற்கும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். இன்னொரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் முழுக்க வீட்டில் முடங்கிக் கிடந்தேன். மெஹர் இரண்டு தடவை பேசினாள். நாற்பத்தொரு பேரும் ஒன்றாக வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள், வேலை இன்னும் இருக்கிறது. "பழையபடி வாட்ச்மேன் உயிரை எடுக்கிறேன் மேடம்" என்று சிரித்தாள். அது அவளுடைய சிரிப்பு. எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் மூன்று நாற்பதானால் கண் கடிகாரத்தைத் தேடும். கதிரேசன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேலை போனா போகுது விடு" என்று ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வின் கூப்பிட்டார்.

"டீச்சர், நாளைக்குக் காலைல உங்க பதிவ வெளியில விடுதாங்க. 'ஸ்திதி பிரீமியம்'னு பேரு. அறுபத்தி ரெண்டு கம்பெனி வாங்கியிருக்கு. எதுலயெல்லாம் ஆட்களக் கொறைக்கப் போறாங்களோ அந்தக் கம்பெனிகதான் முண்டியடிச்சு வாங்கிச்சு. இருபது நிமிசப் பதிவு. தீந்ததும் மறுபடி மொதல்லேர்ந்து ஓடும். நாள் பூரா ஓடும்."

"பதினாலு மாசத்துல எந்த இருபது நிமிஷத்தை எடுத்தாங்க?"

"மெஷினே எடுத்துச்சு. இருக்கதுலயே கூடின மார்க்கு எதுவோ அது."

கூடின மார்க் தொண்ணூற்று ஒன்பது, லட்டு வைத்த அந்த வெள்ளிக்கிழமையுடையது.

"செல்வின், நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"யாரும் எங்கிட்ட கேக்கலையே டீச்சர்," என்றார் அந்த நாசரேத்துக்காரர்.

திங்கட்கிழமை காலையில் கதிரேசன் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார், "இன்னிலேர்ந்து எங்க ஆபீஸ்லயும் காதுக்குப் பின்னாடி ஏதோ ஒட்டப்போறாங்களாம். பாரம்ல கையெழுத்து வாங்கினாங்க, போட்டுட்டேன்."

"என்ன பாரம்?"

"யாரு படிச்சா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. இருபத்தேழு வருடத்தில் கதிரேசன் ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய் எடுத்தேன்.

"என்னங்க? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல. அந்த பாரத்தை இப்பத்தான் வாங்கிப் படிச்சேன். கிடக்கட்டும், அதுக்குக் கூப்பிடல." அந்தக் குரலில் 'ம்' இல்லை. "மங்கை, எல்கேஜி அட்மிஷன நெனச்சா பயமா இருக்குன்னு அன்னைக்குச் சொன்னே. நமக்குத்தான் புள்ளையே இல்லையேன்னு சொல்லிட்டு நான் மேட்ச் பாத்தேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுல்ல?"

கீரை கையிலிருந்து நழுவியது.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மத்தியானம் கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தே. நான் அப்ப பாத்தேன், ஆனா கேக்கல. இப்பக் கேக்குறேன். மத்தியானத்துல உனக்கு என்னம்மா ஆகுது? சொல்லு."

நான் அழுதேன். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, குண்டும் குழியுமாக அழுதேன். அவர் போனை வைக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார். பதிவு இருபது நிமிடத்தில் தீர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஓடும், நாள் பூராவும் ஓடும் என்று செல்வின் சொல்லியிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவசரப்படாமல், முதல் குழந்தையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.